லினக்ஸில் டொட்நெட் ஓடாதா?

வணக்கம் ஐயா,

கொழும்புக் கம்பனி ஒன்றின் நேர்முகத்தேர்வு, சூமில். ஏஎஸ்பி டொட்நெட்டில் (வெப் அப் எழுதும் மைக்ரோசொஃப்ட் தொழில்நுட்பம்) செய்த அப்பை எங்கே ஹோஸ்ட் பண்ணலாம் என்று கேட்டார்கள். லினக்ஸ் சேர்வரில் என்றேன். "அது விண்டோஸில், அதன் வெப் சேர்வரான ஐஐஎஸ்ஸில் மட்டும்தான் ஓடும். அடிப்படையே தெரியவில்லையே" என்றார் கேட்டவர். வாயடைத்துப் போனேன். என்ன சொல்லியிருக்க வேண்டும்?

ஒரு வாசகர், கொக்குவில்

அன்புள்ள தம்பி,

உங்கள் பதில் சரி. 2016 ஜூனில் டொட்நெட் கோர் 1.0 வந்த நாளிலிருந்து லினக்ஸில் ஓடுகிறது. டொட்நெட் 6, 7, 8 என்று பின்னால் வந்தவை அந்தப் புதிய வரிசைதான். அதற்காக அவர் ஒன்றும் தெரியாதவர் என்று முடிவுகட்ட வேண்டாம். பழைய டொட்நெட் ஃபிரேம்வேர்க், அதாவது 4.8 வரையான வரிசை, விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அதில் வெப் பக்கங்கள் கட்டும் முறையான வெப் ஃபோர்ம்ஸ் புதிய வரிசைக்கு வரவேயில்லை. அதில் எழுதிய சிஸ்டத்தை வருடக்கணக்காகக் கட்டி மேய்க்கிறவருக்கு டொட்நெட் என்றால் அதுதான். புதியதை எட்டிப் பார்க்காமல் ஆட்களைத் தெரிவு செய்ய உட்கார்ந்தது அவர் பிழை.

இப்படியான இடத்தில் மறுத்துத் தொடங்காதீர்கள், வெர்ஷனைச் சொல்லுங்கள்: "4.8 என்றால் நீங்கள் சொல்வதுதான் சேர். நான் சொன்னது டொட்நெட் 8ஐ. இங்கே எது பாவிக்கிறீர்கள்?"

அதற்கும் மசியாவிட்டால், லினக்ஸுக்கு மாற்றும்போது எது உடையும் என்று சொல்லுங்கள். செய்து பார்த்தவருக்குத்தான் அது தெரியும். கோப்பின் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் சேமித்த படத்தைச் சின்ன எழுத்தில் கூப்பிட்டால் விண்டோஸ் பேசாமல் எடுத்துத் தரும், லினக்ஸ் 404, அதாவது கோப்பு இல்லை என்று காட்டும். படங்களைச் சிறிதாக்கப் பலர் பாவித்த சிஸ்டம் டிரோயிங் என்ற லைப்ரரி, டொட்நெட் 7இலிருந்து விண்டோஸுக்கு மட்டும். எல்லாவற்றிலும் கள்ளமானது நேர வலயம். விண்டோஸில் நம்முடையதன் பெயர் 'ஸ்ரீலங்கா ஸ்டாண்டர்ட் டைம்', லினக்ஸில் 'ஏசியா/கொலம்போ'. டொட்நெட் 6 முதல் இரண்டையும் ஏற்கும் என்று நம்பி, அல்பைன் என்ற சிறிய லினக்ஸில் கட்டிய கொண்டெய்னரில் ஐசியுவையும் (மொழி, வலயப் பெயர் விபரங்கள்) டிஇசட்டேட்டாவையும் (நேர வலயத் தரவு) போடாமல் விட்டால் எக்செப்ஷன், அதாவது ஓடும்போதே பிழைதான். மடிக்கணினியில் வடிவாக ஓடியது சேர்வரில் விழுவது இப்படித்தான்.

ஸ்கிரீன் ஷெயருக்கு அவர்கள் சம்மதித்தால், லினக்ஸிலேயே புதிய அப் ஒன்றை ஓட்டிக் காட்ட 'டொட்நெட் நியூ வெப்', 'டொட்நெட் ரன்' என்ற இரண்டு கட்டளை போதும்.

இன்னொன்று. வேலை விளம்பரத்தில் வெப் ஃபோர்ம்ஸ், டபிள்யூசிஎஃப் (சிஸ்டங்கள் ஒன்றோடொன்று பேசும் பழைய முறை) என்று கண்டால் அங்கே ஓடுவது அனேகமாக 4.8. எச்ஆரிடம் முதலே கேட்டு, ஐஐஎஸ் அப்களைப் பிரித்து ஓட்டும் அப்ளிகேஷன் பூல், அப்பின் அமைப்புக் கோப்பான வெப் கொன்ஃபிக் இரண்டையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.