நாத்தனார் வீடா, பார்க் வாசலா?

கேள்வி: குன்னூரில் இருக்கிறோம். கணவருக்கு பேக்கரியில் வர்க்கி போடும் வேலை. மே மாத சீசனில் ஒரு நாள்கூட லீவு கிடைக்காது. அதனால் காலாண்டு விடுமுறையில், 10 வயது மகனையும் 4 வயது மகளையும் முதன்முறையாகப் பெங்களூரு வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப் போகிறோம். முழங்கால் வலி உள்ள மாமியாரும் வருகிறார். பார்க்கை ஒட்டியுள்ள அவர்களுடைய ரிசார்ட்டில் தங்கினால் செலவு அதிகம். கே.ஆர்.புரத்தில் நாத்தனார் வீடு இருக்கிறது. மைசூரில் லாட்ஜ் போடலாம் என்கிறார் கணவர். வாடகைக் காரில் போகிறோம். எங்கே தங்குவது நல்லது?

பதில்: அன்புச் சகோதரிக்கு, எல்லோரும் ‘பெங்களூரு வொண்டர்லா’ என்று சொல்லிச் சொல்லி, அது நகரத்துக்குள் இருப்பதாகவே மனதில் பதிந்துவிட்டது. உண்மையில் அது மைசூர் ரோட்டில், பிடதி பக்கம் இருக்கிறது. பெங்களூருக்குச் சுமார் 30 கி.மீ. முன்பே வந்துவிடும். நீங்களோ கூடலூர், முதுமலை, குண்டல்பேட்டை, மைசூர் என்று வருகிறவர்கள். கே.ஆர்.புரத்தில் தங்கினால், பார்க்கைத் தாண்டிப் போய், நகரத்தின் மறுகோடியில் இரவு படுத்து, மறுநாள் காலை நெரிசலில் ஊரையே குறுக்கே கடந்து திரும்பி வர வேண்டும். மாலையில் மறுபடியும் அதே நெரிசல். மிச்சமாகும் காசு உங்கள் மகளின் தூக்கத்திலிருந்தும் மாமியாரின் காலிலிருந்தும்தான் எடுக்கப்படும்.

இதை அனுபவித்துத்தான் சொல்கிறேன். என் பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது, இப்படி ஒரு பார்க்குக்கு உறவினர் வீட்டிலிருந்து கிளம்பிப் போனோம். மதியம் 2 மணிக்கே சின்னவன் துவண்டுவிட்டான். ஈரத் துணியோடு என் மடியில் தூங்கியவனைத் தூக்கிக்கொண்டு நிழலில் 3 மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மூத்தவள் பத்தடி தள்ளி நின்று, “அம்மா, நாம எப்ப ரைடுக்குப் போறோம்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அன்று நடந்துபோகும் தூரத்தில் ஒரு கட்டில் இருந்திருந்தால் எவ்வளவு கொடுத்தும் வாங்கியிருப்பேன்.

ஆகவே என் தீர்மானமான பதில்: ரிசார்ட்தான். ஆனால் ஒரே ஒரு இரவு போதும், அந்த இரவை எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். பெரும்பாலானோர் பார்க்குக்கு முதல் நாள் இரவு ரூம் போட்டுவிடுகிறார்கள். பார்க் திறப்பது காலை 11 மணி வாக்கில். ரூமைக் காலி செய்யச் சொல்வதும் பொதுவாக அதே நேரத்தை ஒட்டித்தான். கொடுத்த காசுக்குத் தூங்கி எழுந்ததுதான் மிச்சம், தேவைப்படும் மதியத்தில் ரூம் கையில் இருக்காது.

பார்க் நாளின் இரவுக்கே ரூம் போடுங்கள். காலையிலேயே போய், பெட்டிகளை ரிசப்ஷனில் வைத்துக்கொள்ள முடியுமா, ரூம் சாவி எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று முன்கூட்டியே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். சாவி மதியம் கிடைத்தாலே போதும், மகளும் மாமியாரும் சோர்ந்துபோகும் நேரம் அதுதான். அவர்கள் இருவரும் போய்ப் படுக்கட்டும். மகனும் அப்பாவும் ரைடுகளில் இருக்கட்டும். நீங்களும் ஒரு மணி நேரம் கால் நீட்டலாம், சகோதரி. அதுவும் விடுமுறைக் கணக்கில் சேர்ந்ததுதான். ரிசார்ட்டில் ரூம்கள் நூறுகூடக் கிடையாது, அதனால் விடுமுறைத் தேதி தெரிந்த அன்றே பேசிவிடுங்கள்.

அப்படியானால் முதல் இரவு? உங்கள் கணவர் சொல்லும் மைசூர் மோசமான யோசனை இல்லை. அங்கிருந்து பார்க் 110 கி.மீ. போலத்தான், 2023-ல் திறந்த எக்ஸ்பிரஸ் சாலையில் காலையில் கிளம்பினால் நேரத்துக்குப் போய்விடலாம். ஆனால் காலாண்டு விடுமுறையும் தசராவும் சேர்ந்து வரும் வருடமானால் மைசூரை மறந்துவிடுங்கள். லாட்ஜ் கிடைப்பதே பாடு, கிடைத்தாலும் வாடகை தாங்காது. அதைவிட ராமநகரா வரை வந்து ஒரு சாதாரண லாட்ஜில் படுத்துக்கொள்ளலாம், பார்க் அங்கிருந்து பக்கம். காலையில் பிடதியில் தட்டு இட்லி சாப்பிட மறக்காதீர்கள். எக்ஸ்பிரஸ் சாலை ஊர்களை ஒதுக்கிவிட்டு மேலேயே ஓடுவதால், முன்னதாகவே சர்வீஸ் ரோட்டுக்கு இறங்க வேண்டும் என்று டிரைவரிடம் சொல்லிவையுங்கள்.

நாத்தனார் விஷயத்துக்கு வருகிறேன். ஊர் வரை வந்துவிட்டு வீட்டுக்கு வரவில்லை என்றால் அவர் மனம் கோணத்தான் செய்யும், மாமியாருக்கும் மகள் வீட்டைப் பார்க்க ஆசை இருக்கும். பார்க் முடிந்த மறுநாள் அங்கே போங்கள். குளித்து, ஓய்ந்து, பிள்ளைகள் கதை கதையாகச் சொல்ல, ஒரு நாள் முழுக்க இருக்கலாம். அவசரமாகக் காலை 7 மணிக்கு ஓடும் விருந்தாளியைவிட, அப்படி வரும் விருந்தாளியைத்தான் எந்த வீடும் விரும்பும்.

திரும்பும் நாளில் காலை 8 மணிக்குள் கிளம்பிவிடுங்கள். பந்திப்பூர், முதுமலை காட்டுச் சாலை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். வழியில் டயர் பஞ்சர், சாப்பாடு, சன்னபட்டணா மரப் பொம்மைக் கடை என்று நேரம் ஓடிவிடும். களைத்த குழந்தைகளோடு குண்டல்பேட்டையில் ராத்திரி ரூம் தேடும்படி ஆகக் கூடாது.

ரூம் பேசுவதற்கு முன் ஒரு வேலை. மகனைச் சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்துவிடுங்கள். பிள்ளைகளின் டிக்கெட்டுக்கு அங்கே வயதைப் பார்ப்பதில்லை, உயரம்தான் கணக்கு. பெரிய ரைடுகள் பலவற்றுக்கு 140 செ.மீ. கேட்பார்கள். அந்த அளவை எட்டவில்லை என்றால் அதை வீட்டிலேயே அவனிடம் சொல்லிவிடுங்கள், வரிசையில் நின்று நின்று கடைசியில் திருப்பி அனுப்பப்பட்டால் பிள்ளை உடைந்துபோவான். தண்ணீர் விளையாட்டுக்குப் பருத்தித் துணி ஆகாது. எல்லோருக்கும் நைலான் அல்லது பாலியஸ்டர் உடை வாங்கிக்கொள்ளுங்கள், மாமியாருக்கும் சேர்த்து. முட்டி வலியோடும் அவர் தண்ணீரில் கால் நனைக்க ஆசைப்படலாம்.