மகளுக்கு வேற வேலை பாக்கச் சொல்லவா?

தம்பிக்கு வணக்கம். எங்களுக்கு மண்டபம் பக்கம், வீட்டுக்காரர் கடல் தொழில். மக எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி மேல்படிப்பு) முடிச்சிட்டு மனநல வேலையில சேந்திருக்கா, ஏர்வாடி, கீழக்கரைன்னு வீடு வீடா போயி பேசுறா. சொந்தக்காரக, "பைத்தியம் புடிச்ச வீடா ஏறி எறங்குற பொண்ண எவன் கட்டுவான்"னு மூஞ்சிக்கு நேரா கேக்குறாக. ரெண்டு வரன் தட்டிப்போச்சு. வேற வேலை பாக்கச் சொல்லவா?
– ஒரு வாசகி

அன்புள்ள அக்கா,

சொல்லாதீங்க. அத முதல்ல சொல்லிடுறேன்.

2001 ஆகஸ்ட் 6 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஏர்வாடியில, தர்காவ நம்பிக் கூட்டிட்டு வந்த மனநோயாளிகள வச்சிருந்த ஒரு காப்பகத்துல தீப்பிடிச்சு 28 பேர் செத்தாங்க, சங்கிலியில கட்டிப்போட்டிருந்ததால எந்திரிச்சு ஓட முடியல. சுப்ரீம் கோர்ட் தானா முன்வந்து வழக்கா எடுத்துச்சு, பின்னாடி 2017 மனநலச் சட்டம் சங்கிலி போடவே கூடாதுன்னு சொல்லிருச்சு. சரி, சட்டம் வந்துருச்சு, ஆனா ஒரு வீட்டுக்குள்ள கட்டிவச்சிருக்கிற பிள்ளையோட சங்கிலிய யாரு கழட்ட வைப்பா? உங்க மக மாதிரி ஒருத்திதான் போகணும், அந்தத் தாய்கிட்ட உக்காந்து பேசணும், தர்காவுக்கும் போங்க டாக்டரையும் பாருங்கன்னு அவுக நம்பிக்கைய உடைக்காம சொல்லணும், கொஞ்சம் தேறினதும் மாத்திரைய நிறுத்திருவாங்க, அப்ப திரும்பப் போகணும், ஊனமுற்றோர் சான்றிதழுக்கு ஆபீஸ் ஆபீஸா கூட அலையணும் (2016 சட்டத்துல மனநோயும் சேத்திதான், நெறைய குடும்பத்துக்கு இது இன்னமும் தெரியாது). டாக்டர் எழுதுற சீட்டு வீட்டுக்குள்ள வேலை செய்யுறதே இவங்களாலதான்.

இதுல எனக்கு ரொம்ப வலிக்கிற விஷயம் ஒன்னு இருக்கு. உங்க மகளால திருப்பிப் பேச முடியாது. யாரு நோயாளி, எந்த வீடு, என்ன நடந்துச்சுன்னு வெளிய சொல்லக்கூடாது, அதுவும் சட்டம்தான். "இன்னாரு மகன் இப்ப போட்டுக்குப் போறான், நான்தான் கூட நின்னேன்"னு அவ ஒரு நாளும் வாயத் திறக்க முடியாது. குணமான குடும்பமும் வெளிய சொல்லாது, கல்யாண வீட்டுல பாத்தா தெரியாத மாதிரிதான் போகும், அவுகளயும் குத்தம் சொல்ல முடியல, ஊரு பேசுற பேச்சு அப்படி. ஆக அவ செஞ்ச நல்லது எல்லாம் மூடிக் கெடக்கு, கண்ட வீட்டுக்கும் போறாங்கிற ஒன்னு மட்டும் ஊர் கண்ணுல படுது. அந்த நோயாளி மேல இருக்கிற அசிங்கப்பார்வைதான் இவ மேலயும் படுது. ஒட்டிக்கிற வியாதியா இது?

அதனால பேச வேண்டியது நீங்களும் நானும்தான் அக்கா, நம்ம வாய எந்தச் சட்டமும் கட்டல. அடுத்த தடவ யாராவது கேட்டா, எந்த வீட்டையும் சொல்லாம, ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து கெடக்குற மனுசங்கள கூட்டிட்டுப் போயி தேத்துற வேலை, அதுக்கு பி.ஜி. படிப்பு படிச்சிருக்கான்னு சத்தமா சொல்லுங்க. தெய்வம் மாதிரி பொண்ணுன்னு யாராவது புகழ்ந்தாலும் அதோட விட்டுறாதீங்க, தியாகம்னு சொல்லிச் சொல்லியே இவங்க சம்பளத்த கம்மியா வச்சிருக்காங்க.

வரன் விஷயம், இந்த வேலைக்காகத் தட்டிப்போனவன் போகட்டும், நாளைக்கு வீட்டுல யாருக்காவது மனசு சரியில்லன்னா அவன் கதவ மூடி வைக்கிற ஆளாத்தான் இருப்பான்.

அவ வீட்டுக்கு வந்ததும் கல்யாணப் பேச்ச எடுக்காதீங்க. நாள் பூரா அடுத்தவங்க அழுகையக் கேட்டுட்டு வர்ற பிள்ளை. சாப்பாடு போட்டு, பேசுனா கேளுங்க, பேசலன்னா விட்டுருங்க. கடைசி பஸ் தப்பிட்டா ராமநாதபுரத்துல இருந்து கூட்டிட்டு வர வீட்டுல ஒரு ஆள் தயாரா இருக்கட்டும்.

அன்புடன்,
தம்பி