மணலாட்ட உதிர்ந்த கடலை மிட்டாய்

வணக்கமுங்க அக்கா,

நான் கோபி பக்கம் ஒன்பதாவது படிக்கிறேன். எனக்கு இனிப்புன்னா உசுரு. என்கூட இருக்கிற மூணு பேரும் அப்படித்தான். தை மாசம் பூப்பறிக்கிற நோம்பிக்குக் கடையில வாங்காம, நாங்களே கடலை மிட்டாய் செஞ்சு ஆத்தங்கரைக்குக் கொண்டு போறதுன்னு முடிவு பண்ணியிருக்கோமுங்க. மூணு தடவை செஞ்சு பார்த்து நோட்டுல எழுதி வச்சிருக்கேன். மூணு தடவையும் வறுத்த கடலை 250 கிராம், நாட்டுச்சர்க்கரை 250 கிராம், தண்ணி ஒரு டம்ளர். முதல் தடவை பாகு 12 நிமிஷம் கொதிச்சது, மிட்டாய் பல்லுல ஒட்டுச்சு. அடுத்தது 19 நிமிஷம், கசந்துருச்சு. மூணாவது 15 நிமிஷம், நல்லா வந்த மாதிரி இருந்துச்சு, ஒரு மணி நேரத்துல மணலாட்ட உதிர்ந்துருச்சு. அளவு தப்புங்களா, நேரம் தப்புங்களா? தோழி ஒருத்தி பல்லுக்குக் கிளிப் போட்டிருக்கா, அவளுக்கு என்ன செய்யறது? அப்புறம், ஒரு நாளைக்கு எத்தனை சாப்பிடலாம்னு எங்கம்மா கேட்டுச் சொல்லச் சொன்னாங்க.

*

அம்மிணி,

மூன்று தடவையும் அளவை மாற்றாமல் நேரத்தை மட்டும் மாற்றிப் பார்த்திருக்கிறாய். அதனால்தான் தப்பு எங்கே என்று இங்கிருந்தே சொல்ல முடிகிறது. உன் நோட்டில் நிமிஷம் எழுதிய இடத்தில் பாகின் பதத்தை எழுதியிருக்க வேண்டும். அடுப்பின் தீ, சட்டியின் கனம், ஊற்றிய தண்ணீர் மூன்றும் சேர்ந்துதான் நேரத்தை முடிவு செய்கின்றன. உன் வீட்டு 15 நிமிஷம் பக்கத்து வீட்டில் 10 ஆகலாம்.

பாகு கொதிக்கும்போது தண்ணீர் ஆவியாகிக்கொண்டே போகும், மிச்சமிருக்கும் பாகின் சூடு ஏறும். 115 டிகிரி செல்சியஸ் வாக்கில் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் விரலால் உருட்ட வரும், ஆனால் மெத்தென்று இருக்கும். அது கச்சாயத்துக்கான பதம். உன் முதல் மிட்டாய் அங்கேதான் நின்றது. 125ஐத் தாண்டினால் உருண்டை கெட்டிப்படும், பொரி உருண்டைக்கு அது போதும். கடலை மிட்டாய்க்கு 145-லிருந்து 150 வேண்டும். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு எடுத்து, வட்டலில், அதாவது தட்டில், போட்டால் 'டிங்' என்று கேட்க வேண்டும். ஒடித்தால் கம்பியாக இழுபடாமல் பட்டென்று முறிய வேண்டும். கடைசி இரண்டு பதத்துக்கும் நடுவே ஒன்றிரண்டு நிமிஷம்தான் இடைவெளி. அதைத் தாண்டினால் கருகல். சொட்டு விட்டுப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிடு. நீ சோதிக்கும் அரை நிமிஷத்தில் அடுப்பில் இருக்கும் பாகு தன்பாட்டுக்கு முற்றிவிடும். இரண்டாவது தடவை கசந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு டம்ளர் தண்ணீர் இன்னொரு காரணம். அதை வற்ற வைக்கவே நேரம் போய், பாகு கறுத்துவிடும். 200 கிராம் வெல்லத்துக்குக் கால் டம்ளர், அதாவது 50 மில்லி போதும்.

மூன்றாவதுதான் சுவையான தப்பு. பதம் சரி, ஆனால் சர்க்கரை திரும்பவும் படிகமாகிவிட்டது. நாட்டுச்சர்க்கரை என்பதே பாகைக் கிளறித் தேய்த்து, படிகமாக்கிப் பொடியாக எடுப்பது. கரையாத ஒரு பொடி சட்டி ஓரத்தில் ஒட்டியிருந்து, நீ கிளறும்போது உள்ளே விழுந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மொத்தப் பாகும் பூத்துப்போகும். உருண்டை வெல்லத்தில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அவை படிகம் கட்டுவதைத் தடுக்கும். ஆகவே சித்தோட்டுச் சந்தை வெல்லம் கிடைத்தால் அதையே வாங்கு, கடையில் 'பாகு வெல்லம்' என்று கேள். வெளுத்துப்போன மஞ்சள் நிறத்தைத் தேடாதே, அந்த நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்னும் வெளுக்கும் ரசாயனம் போடுவதுண்டு. நல்ல வெல்லம் கொஞ்சம் கறுத்துத்தான் இருக்கும்.

செய்முறை இப்படி. கடலையைச் சிறுதீயில் கைவிடாமல் வறுத்து, ஆறியதும் தேய்த்து, முறத்தில் புடைத்துத் தோலும் முளையும் போக்கி 250 கிராம் எடு. இரண்டாக உடைந்திருந்தால் நன்றாகப் பிடிக்கும். 200 கிராம் வெல்லத்தை 50 மில்லி தண்ணீரில் முழுக்கக் கரைத்து வடிகட்டு, மண் இருக்கும். அடிகனமான வடச்சட்டியில் ஊற்றி நடுத்தீயில் வை, நுரை கட்டியதும் தீயைக் குறை. சட்டி ஓரத்தை நனைத்த துணியால் ஒரு தடவை துடைத்துவிடு. பதம் வந்ததும் இறக்கி ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் ஏலக்காய் போட்டு, வெதுவெதுப்பாக வைத்திருந்த கடலையைக் கொட்டி விரைவாகக் கிளறு. ஆறிய கடலையைக் கொட்டினால் பாகு அங்கங்கே இறுகிக் கட்டி கட்டியாக நிற்கும். நெய் தடவிய பலகையில் கொட்டி, நெய் தடவிய சப்பாத்திக் கட்டையால் அரை அங்குலக் கனத்துக்குத் தேய். இரண்டு நிமிஷத்துக்குள் கத்தியால் கோடு போட்டுவிடு. பிறகு போட்டால் தூளாகும். சுமார் 30 துண்டு வரும். ஆப்பசோடா போட்டால் பாகு நுரைத்து இன்னும் மொறுமொறுப்பாக வரும். கடைக்காரர்களுக்கு அது தேவைப்படலாம், உங்கள் நாலு பேருக்கும் வேண்டாம்.

நாலு பேர் இருப்பது வசதி. ஒருத்தி கடலையைச் சூடு ஆறாமல் பார்க்கட்டும், ஒருத்தி தண்ணீர்க் கிண்ணம், ஒருத்தி பலகை. சட்டி மட்டும் உன் அம்மா கையில் இருக்கட்டும். கொதிக்கிற தண்ணீரைப் போலப் பாகு வழிந்து ஓடாது, தோலில் ஒட்டிக்கொண்டே சுடும். பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டு. பற்பசை, இங்க் எதுவும் வேண்டாம்.

கிளிப் போட்ட பெண்ணுக்குக் கடலை மிட்டாய் கூடாது. கடித்தால் பல்லில் ஒட்டியிருக்கும் உலோகத் துண்டு பெயர்ந்துவரும், அப்புறம் பல் டாக்டரிடம் ஓட வேண்டும். உன் வீட்டில் மிச்சமிருக்கும் நாட்டுச்சர்க்கரைக்கு வேலை இங்கேதான். கவுந்தப்பாடிச் சர்க்கரை பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே போகிறது, அதைக் குறை சொல்ல முடியாது. வறுத்துத் தோலுரித்த கடலை 200 கிராமை மிக்சியில் விட்டு விட்டு ஓட்டி, ரவை பதம் வந்ததும் சலித்த சர்க்கரை 120 கிராம் போட்டு இன்னும் நாலைந்து சுற்று. கையில் பிடித்தால் கடலையின் எண்ணெயிலேயே உருண்டை நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஒரு ஸ்பூன் சூடான நெய். தொடர்ந்து ஓட்டினால் கூழாகிவிடும். எலுமிச்சை அளவில் உருட்டாதே, நெல்லிக்காய் அளவு போதும். மெத்தென்று இருக்கும், சாப்பிட்டதும் அவள் வாய் கொப்பளித்தால் சரி.

அம்மாவுக்குப் பதில்: உலகச் சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதலின்படி, நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்குச் சேர்த்த இனிப்பு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25க்குள் இருந்தால் இன்னும் நல்லது. வெல்லமும் அந்தக் கணக்கில்தான் வரும். மூன்று துண்டில் 20 கிராம் வெல்லம் போய்விடும். அன்றைக்குக் காப்பி, பிஸ்கட் இருந்தால் இரண்டோடு நிறுத்து.

நோம்பிக்கு முந்தின நாள் மத்தியானம் செய்வது நல்லது. தை மாதக் காலைப் பனியில் திறந்து வைத்தால் மிட்டாய் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும். நன்றாக ஆறியபிறகு அழுத்தமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் போடு, சூட்டோடு மூடினால் உள்ளேயே வேர்க்கும். ஆற்றங்கரைக்குப் போகும்போது வெட்டிய கரும்பையும் இதையும் ஒரே பையில் வைக்காதே.