கேளுங்கள் மாஸ்டர்: அட்டையைப் பார்த்து வாங்காதீர்கள்

கேள்வி: வயது 44. நாள் முழுக்க நாற்காலி வேலை. தகடு மாற்றும் டம்பெல் ஒரு ஜோடி வாங்கி இரண்டு மாதமாகிறது, கட்டிலுக்கடியில்தான் கிடக்கிறது. ஜிம்முக்குப் போகக் கூச்சம். வீட்டிலேயே பார்த்துச் செய்ய ஒரு கையேடு வாங்கலாம் என்றால், கடையில் 120 ரூபாய்க்கும் இருக்கிறது, 900 ரூபாய்க்கும் இருக்கிறது. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: அட்டையில் எண்ணெய் மினுமினுக்க நிற்கிறாரே, அவர் அந்தப் புத்தகத்தைப் படித்து அப்படி ஆனவர் அல்ல. அவரை விட்டுவிடுங்கள்.

கடையில் நின்றபடியே ஒரு சோதனை செய்யலாம். குனிந்து, ஒரு கையால் டம்பெல்லை இடுப்புப் பக்கம் இழுக்கும் பயிற்சி பெரும்பாலான கையேடுகளில் இருக்கும். 'ரோ' என்பார்கள், துடுப்பு வலிப்பது போன்ற அசைவு. அந்தப் பக்கத்தைத் திறந்து, படத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு எழுத்தை மட்டும் படியுங்கள். 'முதுகுக்கு நல்லது, 12 தடவை செய்க' என்பதோடு முடிந்துவிட்டால் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். மற்றொரு கையை எங்கே ஊன்றுவது, முதுகு கூன் விழாமல் எப்படி நிறுத்துவது, முழங்கை விலாவை ஒட்டிப் போக வேண்டும், தோள் காதுப் பக்கம் ஏறக்கூடாது, இழுக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும் - இவ்வளவும் சொல்லியிருந்தால் எழுதியவர் யாருக்கோ கற்றுக்கொடுத்த ஆள் என்று நம்பலாம்.

இப்போது கையை எடுத்துப் படத்தைப் பாருங்கள். தொடக்க நிலை, முடிவு நிலை இரண்டும் வேண்டும்; பக்கவாட்டிலிருந்து எடுத்திருக்க வேண்டும். நேர் முன்னாலிருந்து எடுத்த படத்தில் ஆளின் முகம் தெரியும், முதுகு தெரியாது. நமக்கு வேண்டியது முதுகு.

அடுத்து, எடை கிலோவிலா பவுண்டிலா என்று பாருங்கள். நான் உடற்கல்விக் கல்லூரியில் படித்தபோது விடுதியில் ஒரு வெளிநாட்டுக் கையேடு கைமாறிக் கைமாறி வந்தது. தோளுக்கு மேல் தூக்கும் பயிற்சிக்கு வெறுமனே '20' என்று போட்டிருந்தது. அது பவுண்டு, 9 கிலோதான். நான் 20 கிலோவை எடுத்தேன். மூன்று வாரம் இடது கையால்தான் தலை வாரினேன்.

'300 பயிற்சிகள்' என்று பெருமையடிப்பவற்றில் பாதி, கையை மடக்கி நீட்டுவதன் வேறு வேறு பெயர்கள். உட்கார்ந்து எழுவது, இடுப்பை மடக்கித் தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, சுமந்து நடப்பது - இந்த ஐந்துக்கும் ஆளுக்கு இரண்டு பயிற்சி இருந்தாலே உங்களுக்கு ஒரு வருடத்துக்குப் போதும். டம்பெல்லைப் பிடித்துப் பக்கவாட்டில் சாய்ந்தால் இடுப்புச் சதை கரையும் என்று எழுதியிருந்தால் அந்தப் புத்தகம் வேண்டாம். ஓர் இடத்தில் அசைத்தால் அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் கரைவதில்லை.

எப்போது எடை கூட்டுவது என்ற கணக்கும் இருக்க வேண்டும்: மூன்று சுற்றிலும் 12 தடவை அலுங்காமல் வந்த பிறகு அடுத்த சிறு தகடு, அதுபோல. வாரத்துக்கு 2 நாளாவது தசைப் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புதியவரை வாரம் 6 நாள் தூக்கச் சொல்லும் கையேடு உங்களுக்கானது அல்ல. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கித் தூக்கக் கூடாது என்ற எச்சரிக்கை இருக்கிறதா என்றும் பாருங்கள். உங்களுக்கு அழுத்தம் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

விலையா? 900 ரூபாய்ப் புத்தகம் பெரும்பாலும் வழவழத் தாளுக்குத்தான். இரண்டு கையிலும் டம்பெல் இருக்கும்போது தானாக மூடிக்கொள்ளும் புத்தகத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். தரையில் விரித்தால் விரித்தபடி கிடக்கும் சுருள்கம்பிக் கட்டு கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுடையது தகடு மாற்றும் வகை என்பதால் ஒன்று: ஒவ்வொரு சுற்றுக்கும் முன் இருபக்கத் திருகையும் இறுக்கிப் பாருங்கள். டைல்ஸ் தரையென்றால் கீழே ஒரு பழைய சாக்கை மடித்துப் போடுங்கள்.