ஸ்கூல் பிள்ளையளும் சமூக சேவையும்: டீச்சர்ட்ட கேட்டது

இலங்கையில மட்டக்களப்பு, கல்லடிப் பக்கம் கனகாலம் குடியியற் கல்வி படிப்பிச்சு இப்ப ரிட்டயர் ஆகி வீட்டுல இருக்கன், நீங்க அனுப்பின கேள்வியள்ல ஏலுமானதுக்குப் பதில் எழுதுறன்.

செங்கலடியில இருந்து ஒரு சேர்: தரம் 8 பிள்ளையளக் கூட்டிட்டு அநாதை இல்லத்துக்கு மத்தியானச் சாப்பாடு குடுக்கப் போறம், இது காணுமா டீச்சர்?

முதல்ல, சிறுவர் இல்லம் எண்டு சொல்லுங்க சேர். அங்க இருக்கிற கனபேருக்குத் தாயோ தகப்பனோ உசிரோட இருக்காங்க. மறுகா, பிறந்தநாள், திவசம் எண்டு சாப்பாடு குடுக்க எப்பவும் ஆக்கள் இருக்காங்க, அதால என்ன வேணும் எண்டு கோல் எடுத்துக் கேளுங்க, நீங்க இல்ல, பிள்ளையே எடுக்கட்டும். எங்கட வகுப்பு ஒருக்கா முதியோர் இல்லத்துக்கு சமபோஷா சத்துமாவும் பிஸ்கட்டும் குடுக்கலாம் எண்டு இருந்திச்சு, ஒரு பொட்டப்பிள்ள கோல் எடுத்தா, அங்க இருந்தவ “மகள், பிஸ்கட் அலுமாரி நிறையக் கிடக்கு, பெரியாக்கள்ட பம்பர்ஸும் டெட்டோலும்தான் முடிஞ்சு போச்சு” எண்டா. கடையில பம்பர்ஸ் வாங்க நிண்ட பெடியன்மார் வெக்கத்துல சிரிச்ச சிரிப்பு இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது. ஆனா திரும்பி வரக்குள்ள பஸ்ஸுல ஒருத்தன் கேட்டான், “இதெல்லாம் அரசாங்கம் குடுக்காதா டீச்சர்?” அண்டைக்குத்தான் பாடம் தொடங்கின.

காரைதீவுத் தம்பி: நாங்க தரம் 11, ஓ.எல் சோதனை எடுக்கிற பெட்ச், ரத்ததானம் செய்ய ஏலுமா?

ஏலாது தம்பி, 18 வயசு முடியணும், 60 வரைக்கும் குடுக்கலாம். நீங்க முகாம் வையுங்க, வீடு வீடாப் போய்ச் சொல்லுங்க, வாறவங்கட பேரப் பதியுங்க, தேத்தண்ணி ஊத்துங்க. உங்கட வாப்பாவையோ அப்பாவையோ கதிரையில இருத்திறதே பெரிய வேலைதான்.

ஆரையம்பதி அம்மா: பிள்ளைட கையில உண்டியலக் குடுத்து ரோட்டுல விடுறாங்க, எனக்கு மனசு ஒப்புதில்ல.

எனக்கும் ஒப்புறல்ல அம்மா. அதிபர்ட கடிதம் இல்லாம, பெரியாக்கள் ஒராள் கூட நிக்காம விட வேணாம் எண்டு நேரா சொல்லுங்க. உண்டியல எல்லார்ட முன்னுக்கும் உடைச்சு எண்ணணும், ரெண்டு பிள்ளையள் கையெழுத்து வைக்கணும். ஒரு வருசம் எங்கட கணக்குல 340 ரூபா இடிச்சிச்சு, கள்ளன் ஆரு எண்டு ஒரே சண்டை, கடைசியில பாத்தா பொருளாளர் பெடியன் ஓட்டோக்குக் குடுத்துட்டு எழுத மறந்திருக்கான். சும்மா விடுவம் எண்டு எனக்கும் யோசின வந்ததுதான், ஆனாலும் கரும்பலகையில முழுக் கணக்கையும் எழுத வச்சன், “ஓட்டோ 340” எண்டு அவனே எழுதினான், அழுதுட்டான் பாவம். அடுத்த வருசமும் அவனத்தான் பொருளாளராப் பிள்ளையள் வோட் போட்டு எடுத்தாங்க.

காத்தான்குடி நாநா: எங்கட முஸ்லிம் பிள்ளையளும் தமிழ்ப் பிள்ளையளும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை ஏதும் இருக்கா?

வாவிக்கரைக் குப்பை இருக்கே நாநா, அது ரெண்டு பக்கத்தாலயும்தான் வருது. சிரமதானம் செய்றது லேசு, அள்ளின பேக்குகள ஆரு ஏத்துற? அங்கதான் எல்லாரும் பிழைக்கிற, ரெண்டு நாள் கிடந்தா நாய் கிழிச்சு திரும்பவும் தண்ணிக்குள்ளதான். அதால ஒரு கிழமைக்கு முந்தியே ரெண்டு ஸ்கூல் பிள்ளையளும் ஒரே கடிதத்துல கையெழுத்து வச்சு, உங்கட காத்தான்குடி நகர சபைக்கும் எங்கட மட்டக்களப்பு மாநகர சபைக்கும் நேரா கொண்டு போய்க் குடுத்து ட்ரக்டர் கேக்கட்டும், குடுத்த கொப்பியில சீல் அடிச்சு வாங்கட்டும். வராட்டி அந்தக் கொப்பியோட திரும்பப் போகட்டும்.

கல்முனைத் தங்கச்சி: ஒரு சங்கம் உண்மையானதா எண்டு எப்பிடிப் பாக்கிற?

பதிவு இலக்கம் கேளுங்க. தொண்டு நிறுவனங்களப் பதியிறதுக்கு 1980ம் ஆண்டு 31ம் இலக்கச் சட்டம் இருக்கு, சிறுவர் இல்லம் எண்டா மாகாண நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்துல பதிவு இருக்கணும். பிரதேச செயலகத்துலயும் போய் விசாரிக்கலாம். மறுகா போன வருசக் கணக்கக் கேளுங்க, கேட்ட உடனே முகம் மாறினா தேத்தண்ணியக் குடிச்சிட்டு வந்திருங்க.

அதே தங்கச்சி: குடுக்கக்குள்ள ஃபோட்டோ எடுத்து ஃபேஸ்புக்ல போடலாமா?

சாமானை எடுங்க, பில்லை எடுங்க. வாங்கிறவங்கட முகத்த எடுக்காதீங்க.