ஜிம்மில் எல்லோருக்கும் ஒரே ஒர்க்அவுட் சார்ட் தருகிறார்கள். ஆளுக்கு ஏற்ப மாற்ற வேண்டாமா?

மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதற்காக ஆளுக்கொரு புதுப் பயிற்சி கண்டுபிடிக்கத் தேவையில்லை. உட்கார்ந்து எழுவது, தள்ளுவது, இழுப்பது, தரையிலிருந்து தூக்குவது, சுமந்து நடப்பது என்று எல்லாருக்கும் அடிப்படை ஒன்றுதான். எவ்வளவு, எந்த எடை, எந்த நாள் என்பதில்தான் வித்தியாசம். அதைச் சொல்ல, ஜிம்முக்கு வெளியே அந்த உடம்பு என்ன பாடுபடுகிறது என்று தெரிய வேண்டும்.

நான் மார்த்தாண்டம் பக்கம் ட்ரெய்னர். குலசேகரம், அருமனையிலிருந்து ரப்பர் பால் வெட்டுபவர்கள் வருவார்கள். விடியும் முன்பே போய், மரத்துக்கு மரம் குனிந்து, ஒரே பக்கமாகத் தோளைத் திருப்பி வெட்டி, பாலையும் எடுத்துச் சுமந்துவிட்டு மாலையில் வந்து நிற்பார். இன்று திங்கட்கிழமை, சார்ட்டில் தோள் என்று டம்பெல்லை நீட்டினால், "மக்கா, கையத் தூக்கவே முடியல பாத்துக்கோ" என்பார். அவருக்கு இரண்டு கைக்கும் சமமாக ரோயிங் (எடையை உடம்பை நோக்கி இழுப்பது), லேசான எடையில் டெட்லிஃப்ட் (தரையிலிருந்து தூக்குவது), மேல்முதுகுக்கு ஸ்ட்ரெட்ச், அவ்வளவே. மழையால் வெட்டு நின்றுபோகும் வாரங்களில்தான் எடையைக் கூட்டுவேன்.

கடல் வேலைக்காரர்களுக்குக் காலண்டரே வேறு. மேற்குக் கடற்கரையான குளச்சல் பக்கம் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, அதனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே குமரி மாவட்டத்தில் இரண்டு சீசன்! அந்தத் தடைக் காலத்தில்தான் அவர்களால் ஜிம்முக்கு ஒழுங்காக வர முடியும். கைப்பிடியும் முதுகும் ஏற்கெனவே இரும்பு. ஆனால் படகில் நடக்க இடம் ஏது? கொஞ்சம் ஓடச் சொன்னால் மூச்சு வாங்கும். அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன்.

வயதானவர்களிடம் முதலில் மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்வேன். பிரஷருக்கு அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்றவை எடுத்தால் இதயத் துடிப்பு அதிகம் ஏறாது. அதிகபட்ச இதயத் துடிப்பைக் கணிக்கும் "220 கழித்தல் வயது" கணக்கு அவர்களுக்கு உதவாது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். இன்சுலின் போடுபவர் என்றால் பயிற்சிக்கு முன் சுகர் பார்த்தே ஆக வேண்டும், தாழ்ந்து மயக்கம் வரலாம்.

முட்டுவலியோடு வந்த அக்கா ஒருவர் கேட்டது, கோயிலில் முழங்காலில் நின்றுவிட்டு யாரையும் பிடிக்காமல் எழ வேண்டும் என்பதுதான். எடை குறைப்பெல்லாம் அவர் பேச்சிலேயே இல்லை. நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உட்கார்ந்து எழுவதில் தொடங்கினோம். வலி இல்லாமல் பழகியதும் ஒரு தலையணையை எடுத்தோம், அப்புறம் குட்டை ஸ்டூல்.

நோய்நொடி இல்லாத காலேஜ் பையனுக்கு ஆரம்பத்தில் பொதுச் சார்ட் போதும், அதில் குற்றமில்லை. மற்றவர்கள், உங்கள் வேலை, தூக்கம், மாத்திரை, பழைய அடி எல்லாவற்றையும் ட்ரெய்னர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகும் பெயரை மட்டும் மாற்றி அதே தாளை நீட்டினால், வேறு ஜிம் பாருங்கள்.