அரங்கேற்றப் படங்களில் புள்ளிகள்: ஐஎஸ்ஓவை எங்கே நிறுத்துவது?

கேள்வி: அடுத்த மாதம் மகளின் பரதநாட்டிய அரங்கேற்றம். என்னிடம் இருப்பது 24 மெகாபிக்சல் கிராப் சென்சார் கேமரா, 18-55 கிட் லென்ஸ். ஒத்திகையில் ஐஎஸ்ஓ 6400 வைத்து எடுத்ததில் முகமெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கிறது. 800க்குக் குறைத்தால் படம் இருட்டு. கணினியில் வெளிச்சம் கூட்டினால் இன்னும் மோசம். எவ்வளவில் வைக்கலாம்?

பதில்: ஐஎஸ்ஓவை மட்டும் குறைத்துப் பயனில்லை. புள்ளிகளுக்கு முதல் காரணம் சென்சாரில் போதிய ஒளி விழாததுதான். விழுந்த ஒளியைப் பெருக்கிக் காட்டுவதே ஐஎஸ்ஓவின் வேலை. 800ல் எடுத்து மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) ஏற்றினால், கேமரா செய்திருக்க வேண்டிய பெருக்கலைக் கணினி செய்கிறது, அவ்வளவே. ஜேபெக் கோப்பென்றால் நிழல் பகுதிகளில் திட்டுகளும் சேர்ந்துகொள்ளும். ஆகவே ராவில், அதாவது சென்சார் தரும் தகவலைச் சுருக்காமல் வைக்கும் கோப்பு வகையில், எடுங்கள். அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு), ஷட்டர் (ஒளி விழும் நேரம்) இரண்டையும் முடிவு செய்த பிறகு, கடைசியாக ஐஎஸ்ஓவுக்கு வாருங்கள்.

உங்கள் சிக்கல் பெரும்பாலும் லென்ஸில் இருக்கிறது. கிட் லென்ஸ் 55 மிமீயில் எஃப்/5.6க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறைய திறப்பு பெரிது). 50 மிமீ எஃப்/1.8 லென்ஸ் ஒன்றை வாங்குங்கள், அல்லது அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள். அதை எஃப்/2ல் வைத்தாலே சுமார் எட்டு மடங்கு ஒளி வரும். ஷட்டரை மாற்றாமலே 6400 இருந்த இடத்தில் 800 போதும். 25 அடி தூரத்தில் உட்கார்ந்தால், கேமராவைப் படுக்கை வாட்டத்தில் பிடித்தாலும் ஆடுபவர் முழுதாக அடங்குவார். ஃபோகஸ் ஆழமும் ஏறக்குறைய ஆறடி கிடைக்கும். ஒருவர் ஆட அது தாராளம்.

ஷட்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். அபிநயத்துக்கு 1/125 நொடி, ஜதிகளுக்கு 1/250, குதித்து எழும் அடவுகளுக்கு 1/500. புள்ளிகளைப் பின்னால் குறைத்துக்கொள்ளலாம். அசைந்து கலங்கிய கையைத் திருத்த வழியில்லை. ஜதியை முடித்து வைக்கும் தீர்மானம் முடிந்து உடல் ஒரு கணம் நிற்குமே, அதைக் குறிவைத்தால் 1/125லேயே கூர்மையாக வரும். நிகழ்ச்சிக்கு முன்பே உருப்படிகளை (ஆடப்போகும் நடனங்களை) கேட்டுத் தெரிந்துகொள்வது இதற்காகத்தான்.

எம் மோடில் (அப்பர்ச்சர், ஷட்டரை நாமே வைக்கும் மேனுவல் முறை) எஃப்/2, 1/250 என வைத்து, ஆட்டோ ஐஎஸ்ஓவின் உச்ச வரம்பை 6400 ஆக்குங்கள். விளக்கு மங்கினால் கேமராவே ஏற்றிக்கொள்ளும். பட்டியலின் கடைசியில் ஹெச்1, ஹெச்2 என்று வருபவை பெரும்பாலும் வெறும் டிஜிட்டல் பெருக்கல், தொட வேண்டாம். பின்னால் கறுப்புத் திரை இருந்தால் கேமரா ஏமாந்து முகத்தை வெளுக்க வைக்கும். கேமரா கணிக்கும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை -0.7 அல்லது -1 வைத்து, படத்தின் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள். நெற்றிச்சுட்டியின் மினுக்கு வெளுத்தால் பரவாயில்லை, கன்னம் வெளுக்கக் கூடாது. அதற்காகத் தேவைக்கு மேல் இருட்டாக எடுத்தால் மறுபடி புள்ளிகள்தான்.

எந்த செட்டிங்கும் காப்பாற்றாத ஒன்று, அடர் சிவப்பு, நீல விளக்கு. படம் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வண்ணச் சேனல்களால் ஆனது. சிவப்பு விளக்கில் சிவப்புச் சேனல் நிரம்பி வழியும், மற்ற இரண்டும் காலியாகக் கிடக்கும். அங்கேதான் நாய்ஸ், அதாவது இந்தப் புள்ளிகள், குவியும். முன்விளக்கை மஞ்சள் கலந்த வெள்ளையாக வைக்கும்படி விளக்குக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள். சில எல்இடி விளக்குகளில் படத்தின் குறுக்கே பட்டைகள் விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல நேரம் 1/100க்கு இறங்கினால் போய்விடும். ஒத்திகையிலேயே சோதித்துவிடுங்கள்.

படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில், வண்ணப் புள்ளிகளைக் குறைக்கும் கலர் நாய்ஸ் 25 போதும், வெளிச்சப் புள்ளிகளைக் குறைக்கும் லூமினன்ஸை 20-30க்குள் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் முகம் மெழுகாகும், பட்டின் ஜரிகை அழியும். படத்தை நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்து வருந்துவதும் வீண். 6000 பிக்சல் அகலப் படம் 6x4 அங்குலப் பிரின்ட்டில் 1800 பிக்சலாகச் சுருங்கும். அதில் ஐஎஸ்ஓ 3200ன் புள்ளிகள் கண்ணில் படாது. ஆல்பத்தில் 12x18 பக்கத்துக்குப் போகிற படங்களை மட்டும் உட்கார்ந்து நுணுக்கமாகத் திருத்துங்கள்.